பதினான்கு வாரமும் இரண்டு நாளும்

1989 மார்ச் 3, வெள்ளி

‘சோளக்காட்டு மைனா’வுக்கு இன்று ஐம்பத்தேழாவது நாள். பதினோரு மணி நூன் ஷோவுக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர். பரீட்சைக் காலத்தில் இது அதிகம். மற்ற மூன்று காட்சிகளுக்குப் பழைய படங்களை ஓட்டி ஒப்பேற்றுகிறோம். உடுமலையில் எந்தப் படமும் மூன்று வாரம் தாண்டாது. இது தாண்டியதற்குக் காரணம், படம் முழுக்க இந்தப் பக்கத்தில் எடுத்தது. தேர்த் திருவிழாக் காட்சியில் பாதி ஊர் நிற்கிறது. அவரவர் முகத்தைப் பார்க்க அவரவர் டிக்கெட் எடுக்கிறார்கள். மற்ற ஊர்களில் எல்லாம் படத்தைத் தூக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டிலேயே இப்போது இது ஓடுவது நம் வெள்ளியங்கிரி தியேட்டரில் மட்டும்தான்.

கோயமுத்தூரிலிருந்து விநியோகஸ்தர் ஜோசப் தங்கதுரை வந்திருந்தார். சித்திரை ஒன்றாம் தேதி வரப்போகிற பெரிய நடிகர் படம் அவர் கையில் இருக்கிறது. உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

“ஏப்ரல் பதினாலு, வெள்ளிக்கிழமை. நாலு ஷோவும் எனக்கு வேணும். இப்ப ஓடறத என்னைக்கு எடுக்கறீங்க, நஞ்சுண்டன்?”

இருபத்திரண்டு வருடமாக மேனேஜராக இருக்கிறேன். இதற்கெல்லாம் காலண்டரைப் பார்ப்பவன் நானில்லை. “ஜனவரி ஆறு வெள்ளிக்கிழமை போட்டதுங்க. ஏப்ரல் பதிமூணு வியாழனோட பதினாலு வாரம் முடியுது. நூறு நாளக் கொண்டாடி எறக்கிட்டு, மறுநாள் உங்க பெட்டியத் தொறக்கறோம்” என்றேன். லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

மைனாவின் தயாரிப்பாளர் ராக்கியப்பன் அப்போது அறையில்தான் இருந்தார். பஞ்சு புரோக்கராக இருந்து படம் எடுத்தவர், இதுதான் முதல் படம். ஜோசப் போனதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இன்னொரு பெரிய நடிகரின் மேனேஜர் அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்: எங்கேயாவது ஒரு தியேட்டரில், ஒரே ஒரு தியேட்டரில், நூறு நாள் ஓட்டிக் காட்டினால் அடுத்த படத்தில் அந்த நடிகர் நடிக்கத் தேதி.

“இல்லீன்னா நான் மறுபடியும் பஞ்சு மூட்டைதானுங்க” என்றார்.

“கவலைய உடுங்க. நூறு என் பொறுப்பு” என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 7, செவ்வாய்

எண்பத்து மூன்று பேர். மூன்றாவது வரிசை மின்விசிறி சுற்றவில்லை. ஆள் வரச் சொன்னேன், வரவில்லை.

மார்ச் 13, திங்கள்

ஐம்பத்தொரு பேர். ராக்கியப்பன் ஒரு யோசனை சொன்னார்: கூட்டம் குறைகிற நாளில் அவருடைய ஆட்களைப் பத்துப் பேரை டிக்கெட் எடுக்க வைக்கலாமா?

அவர் புது ஆள், தெரியாது. அதனால் முதலாளியின் சட்டத்தைச் சொன்னேன். முதலாளி அவினாசியப்பன் இந்தத் தியேட்டரைக் கட்டிய காலத்தில், எதிர்க் கொட்டகைக்காரர் ஒரு படத்துக்குச் சொந்தபந்தத்தையும் டார்ச்சடிக்கிற பையன்களையும் உட்கார வைத்தே நூறு நாள் ஓட்டினார். ஊரே சிரித்தது. அன்றைக்கு முதலாளி போட்ட சட்டம் இது. தியேட்டர் ஆள் எடுத்த டிக்கெட்டும் தயாரிப்பாளர் ஆள் எடுத்த டிக்கெட்டும் டிக்கெட் இல்லை. வெளியாள் ஒருவராவது காசு கொடுத்து வாங்கி, வாசலில் கிழிக்க வேண்டும். அப்படிக் கிழியாத காட்சி காட்சியே இல்லை, தினசரி ரிப்போர்ட்டில் ஏறாது.

“ஒருத்தர் போதுங்களா?” என்றார் ராக்கியப்பன்.

“ஒருத்தர் போதும்.”

வீட்டில் மனைவி சிவகாமி வழக்கம்போல ஆரம்பித்தாள். “தேர் சீன்ல நீங்களும் வர்றீங்கன்னு தெருவே சொல்லுது. ஒரு நாள் உக்காந்து பாத்தா என்னவாம்?” இடைவேளைக்குப் பிறகு வருகிற காட்சியாம். இடைவேளையில் எனக்கு டிக்கெட் கவுண்டர் கணக்கு இருக்கிறது. படம் பார்ப்பது மேனேஜர் வேலை இல்லை.

மார்ச் 22, புதன்

சிவகாசியிலிருந்து போஸ்டர் அச்சகத்தார் கடிதம். ‘ஏப்ரல் 15 சனிக்கிழமை ஒட்ட வேண்டிய நூறாவது நாள் போஸ்டர்கள் 12ஆம் தேதி வந்து சேரும்’ என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு நாள் கூட்டி எழுதிவிட்டார்கள். காலண்டரே அச்சடிக்கிற ஊரில் இந்த லட்சணம். திருத்தி எழுத வேண்டும்.

மார்ச் 23, வியாழன்

அச்சகத்துக்கு இன்னும் எழுதவில்லை.

காலண்டரை எடுத்து ஜனவரி ஆறிலிருந்து விரல் வைத்து எண்ணினேன். ஏப்ரல் பதிமூன்று தொண்ணூற்றெட்டு என்று வந்தது. காலண்டரில் எங்கோ தாள் ஒட்டியிருக்கும் என்று வீட்டுக் காலண்டரில் எண்ணினேன். தொண்ணூற்றெட்டு. தினசரி ரிப்போர்ட்டில் இன்றைய வரிசை எண் எழுபத்தேழு. அதிலிருந்து எண்ணினாலும் தொண்ணூற்றெட்டு.

பதினான்கு ஏழு தொண்ணூற்றெட்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். ஆனால் இந்தத் தொழிலில் யாரும் நாள் கணக்கில் பேசுவதில்லை. ஒப்பந்தம் வாரம், வாடகை வாரம், போஸ்டர் வாரம். பதினாலு வாரம் என்றால் நூறு நாள் என்றே எல்லோரும் சொல்கிறோம், எனக்கு முன்னால் இருந்த மேனேஜரும் அப்படித்தான் சொல்வார். படத்தை எடுப்பது வியாழன், போடுவது வெள்ளி. ஆனால் வெள்ளிக்கிழமை போட்ட படத்துக்கு நூறாவது நாள் எப்போதும் சனிக்கிழமைதான் வரும். அடுத்த படம் முந்தின நாளே வந்து உட்கார்ந்திருக்கும்.

இது தொழிலின் பிழை, என் பிழை என்று சொல்லிவிட முடியாது. ஜோசப்பும் எண்ணவில்லை, ராக்கியப்பனும் எண்ணவில்லை.

மார்ச் 25, சனி

முதலாளி அறைக்கு வந்தார். சுவரில் தொங்கிய காலண்டரில் நான் பென்சிலால் போட்ட புள்ளிகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

“பதிமூணாந் தேதி தொண்ணூத்தெட்டுன்னு வருதேப்பா. ரெண்டு நாள் இருக்கைல எதுக்கு வெள்ளிக்கிழமையே குடுத்த?”

வாயில் வந்ததைச் சொன்னேன். “ஜோசப்பு ஒத்தக்கால்ல நின்னாருங்க. இல்லீன்னா படத்த எதிர்க் கொட்டகைக்குக் குடுத்துருவேன்னு மெரட்டிக் கையெழுத்து வாங்கிட்டாருங்க.”

“அப்படியா?” என்றார். அதுவே ஒரு மாதிரியாக இருந்தது.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஜோசப் வெள்ளிக்கிழமை கேட்டது உண்மைதானே.

மார்ச் 29, புதன்

கோயமுத்தூர் போய் ஜோசப்பைப் பார்த்தேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் நூன் ஷோவை மட்டும் விட்டுத்தரும்படி கேட்டேன். காரணம் சொல்லவில்லை. “ஊர் விருப்பம்” என்றேன்.

அவர் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். நாலு காட்சிகளும். கீழே என் கையெழுத்து, வழக்கத்தைவிடப் பெரிதாக.

“சித்திரை ஒண்ணாந் தேதி நூன் ஷோதான் ரசிகர் ஷோ. அதக் குடுத்துட்டு நான் என்னத்த ஓட்டறதுங்க?” என்றார். நியாயம்தான்.

பஸ்ஸில் வரும்போது ஒரு வழியும் தோன்றவில்லை. பல்லடத்தில் இறங்கிக் குடித்த காபி கசந்தது.

ஏப்ரல் 1, சனி

முப்பத்தெட்டுப் பேர்.

ராக்கியப்பன் மஞ்சள் தடவிய அழைப்பிதழோடு வந்தார். ‘13.4.89 வியாழன், நூறாவது நாள் வெற்றி விழா.’ அந்த நடிகரின் மேனேஜரே நேரில் வருகிறாராம். கேடயம் இருபத்தைந்து செய்யக் கொடுத்திருக்கிறார். என் பெயரில் ஒன்று உண்டு.

“மொத பத்திரிகை உங்களுக்குத்தானுங்க” என்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன். சட்டைப் பையில் வைத்தேன். நல்லா அச்சடிச்சிருக்காங்க என்றேன்.

சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தபோது சொல்ல வரவில்லை.

ஒரு எண்ணம் வருகிறது. யார் எண்ணப் போகிறார்கள்? தொண்ணூற்றெட்டாவது நாளில் நூறு என்று தோரணம் கட்டினால் தோரணம் அறுந்தா விழும்? எத்தனையோ ஊரில் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த மேனேஜர் முன்பு தியேட்டரில் வேலை பார்த்தவராம், தினசரி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பாராம். இதையும் ராக்கியப்பனே பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 3, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. இருபத்தொன்பது பேர்.

ஏப்ரல் 5, புதன்

பெரிய படத்தின் கட்அவுட்டுக்கு அளவெடுக்க ஜோசப் வந்தார். முதலில் முதலாளியைப் பார்த்துவிட்டு என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

“நான் உங்களை மெரட்டிக் கையெழுத்து வாங்கினனாமே, நஞ்சுண்டன்?”

நாற்காலியைக் காட்டினேன், அவர் உட்காரவில்லை.

“எம்பேர்ல பழியப் போட்டுட்டு, எங்கிட்டயே வந்து ஷோ கேட்டிருக்கறீங்க. உங்க முதலாளி இத எங்கிட்டச் சிரிச்சுட்டே கேக்கறாரு. இருபது வருசமா இந்த லைன்ல வந்துட்டுப் போறேன். ஒருத்தன் ஒரு சொல்லுச் சொன்னதில்ல.”

அப்போதுதான் சொன்னேன். பதினாலு வாரத்தை நூறு நாள் என்று நினைத்தது நான். காலண்டரைப் பார்க்காமல் எழுதியது நான். பதிமூன்று நாளாக யாரிடமும் சொல்லாமல் இருப்பதும் நான்தான். வாயால் சொன்ன பிறகுதான் இங்கும் எழுதுகிறேன்.

ஜோசப் அந்தக் கடிதத்தை அவரே பையிலிருந்து எடுத்தார்.

“நாலு ஷோன்னுதான் எழுதியிருக்குது. பண்டிகைக்குக் கலெக்டர் ஆபீஸ்ல அஞ்சாவது ஷோவுக்குப் பெர்மிசன் தருவாங்க. காலைல ஏழரை மணி. அதையும் நானே போடலாம்னு இருந்தேன். வெள்ளி, சனி ரெண்டு நாளும் உங்களுக்குத் தர்றேன்.”

நான் எழுந்தே விட்டேன்.

“உக்காருங்க. உங்களுக்காக இல்ல, அந்தப் பஞ்சு யாவாரிக்காகத்தான். அதுக்கு முன்னால முதலாளிகிட்ட நடந்தத நடந்தபடி சொல்லோணும். நான் ஒண்ணும் சொல்லல. நீங்க சொல்லுவீங்கன்னு விட்டுட்டு வந்திருக்கறேன்.”

ஏப்ரல் 6, வியாழன்

முதலாளியிடம் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. “தப்புக் கணக்கு எவனும் போடுவான், நஞ்சுண்டா. எனக்கு அது பெருசில்ல. பன்னெண்டு நாளா எம் மூஞ்சியப் பாத்துக் கும்புட்டுட்டு, இன்னொருத்தம் பேர்ல பழி சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கற பாரு” என்றார். இன்னொன்றும் சொன்னார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அடுத்து ராக்கியப்பன். அவர் மேசையில் அழைப்பிதழ்க் கட்டு பிரிக்காமல் இருந்தது. கேட்டு முடித்ததும், “நீங்க எண்ணலீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“எண்ணலீங்க.”

“நீங்க எண்ணுவீங்கன்னு நானும் எண்ணல” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரே போன் போட்டு அந்த நடிகரின் மேனேஜர் வரும் நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். விழா இல்லை, பந்தல் இல்லை. அந்த மேனேஜர் காலைக் காட்சிக்கு வந்து, முதலாளியின் சட்டப்படி வெளியாள் டிக்கெட் கிழிவதைத் தன் கண்ணால் பார்ப்பாராம்.

ஏப்ரல் 10, திங்கள்

பெர்மிசன் கைக்கு வந்துவிட்டது. 14, 15 இரண்டு நாளும் காலை ஏழரை. வாசல் போர்டில் நானே சாக்பீஸால் எழுதினேன்.

டிக்கெட் கவுண்டரில் இருக்கும் மயில்சாமிக்கு எல்லாச் சாவிகளையும் காட்டிக் கொடுத்தேன். எது எந்தப் பூட்டுக்கு என்று யாராவது ஒருவருக்குத் தெரிந்திருப்பது நல்லது. மேசை இழுப்பறையையும் சுத்தம் செய்தேன். எத்தனை வருடக் குப்பை.

சிவகாமி, “ஏனுங்க, மொகம் ஒரு மாதிரியா இருக்குது?” என்றாள். வெயில் என்றேன்.

ஏப்ரல் 13, வியாழன்

தொண்ணூற்றெட்டு. இருபத்திரண்டு பேர்.

கேடயங்கள் வந்தன. முன்பே செதுக்கியாகிவிட்டது, எல்லாவற்றிலும் 13.4.89 என்றே இருக்கிறது. ராக்கியப்பன் என்னுடையதைக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் பெரிய படத்தின் ரீல் பெட்டி வந்து சேர்ந்தது.

ஏப்ரல் 14, வெள்ளி

காலை ஆறு மணிக்கே எண்ணூறு ரசிகர்கள். ஏழரைக் காட்சிக்குக் கவுண்டர் திறந்ததும் அத்தனை பேரும் பாய்ந்தார்கள். டிக்கெட் பத்து நிமிடத்தில் தீர்ந்தது. மைனாவுக்கு முதல் நாள் கூட இப்படி விற்கவில்லை. ராக்கியப்பன் கண் கலங்கிவிட்டார். எனக்கு வேறு கவலை: இவர்கள் வந்தது மைனாவுக்காக இல்லை.

நினைத்தபடியே ஆயிற்று. படம் முழுக்க விசிலும் கூச்சலும். பத்து மணிக்குப் படம் முடிந்து விளக்கைப் போட்டால் ஒருவன் எழுந்திருக்கவில்லை. இங்கேயே உட்கார்ந்து பதினோரு மணிக் காட்சியைப் பார்ப்பார்களாம். வெளியே அந்தக் காட்சிக்கு டிக்கெட் வாங்கிய எழுநூறு பேர் இரும்புக் கேட்டை ஆட்டுகிறார்கள். ஜோசப் வெளிறிப்போய், “உங்க நூறுக்கு எம்பட ஓப்பனிங்க பலி குடுக்கறீங்களே!” என்று கத்தினார். இன்ஸ்பெக்டர் லத்தியை எடுக்கச் சொல்லிவிட்டார். அடி விழுந்தால் நாளைக்குத் தியேட்டரையே மூடச் சொல்வார்கள். பெரிய படமும் போச்சு, நூறும் போச்சு.

நான் ஆபரேட்டர் அறைக்கு ஓடி, புதுப் படத்தின் பெட்டியைத் தூக்க வைத்தேன். மாலை போட்டு வாசல் போர்ட்டிகோவில் கட்அவுட்டுக்கு அடியில் இறக்கி வைத்து மைக்கில் சொன்னேன்: “பெட்டி பூஜை வெளியில நடக்குது. கற்பூரம் காட்டி முடிச்சதும் பெட்டி உள்ள போகும். பூஜைக்கு வராதவங்க அங்கயே உக்காந்துக்கலாம்.”

எந்த ரசிகன் உட்காருவான்? இரண்டே நிமிடத்தில் உள்ளே ஈ காக்கை இல்லை. எல்லாக் கதவையும் நானே பூட்டினேன். பதினோரு மணிக் காட்சி பதினொன்று பத்துக்குத் தொடங்கியது.

ஜோசப் வந்து தோளில் தட்டினார். முதலாளி தூரத்திலிருந்து பார்த்தார், வரவில்லை. இன்ஸ்பெக்டர் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்: நாளைக்குப் பத்து மணிக்கு முன் ஒரு ரசிகன் தெருவுக்குள் நுழையக் கூடாது, இரண்டு பக்கமும் போலீஸ் நிற்கும்.

நாலு காட்சியும் நிறைந்தது. முடிந்ததும் முதலாளியிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தேன். ஆறாம் தேதி எழுதாமல் விட்டது இதுதான். ‘பதினாலாந் தேதி புதுப் படத்தத் தொறந்து வெச்சுட்டு, சாவியக் குடுத்துட்டுப் போயிரு’ என்றார் அன்றைக்கு. இன்று வாங்கிக்கொண்டு எண்ணிப் பார்த்தார். பதினேழு சாவி. சரியாக இருந்தது.

வீட்டில் சொல்லிவிட்டேன். சிவகாமி அழுவாள் என்று நினைத்தேன். “இத்தன நாள் எங்கிட்டச் சொல்லாம என்னத்துக்குச் சொமந்தீங்க?” என்று திட்டினாள்.

ஏப்ரல் 15, சனி

போக வேண்டிய வேலை இல்லை. ஆறரைக்கே கால் அந்தப் பக்கம் போய்விட்டது. தியேட்டருக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

தெருவின் இரண்டு முனையிலும் போலீஸ். ரசிகர்களை மட்டும் நிறுத்தச் சொன்னால், போலீஸ் நிற்பதைப் பார்த்து ஊர் ஜனமே உள்ளே வரவில்லை. கவுண்டரில் மயில்சாமி தனியாக உட்கார்ந்திருந்தான். வாசலில் முதலாளி, ராக்கியப்பன், சபாரி உடை போட்ட ஒருவர். அவர்தான் அந்த நடிகரின் மேனேஜர் என்று நிற்கிற நிற்பிலேயே தெரிந்தது.

ஏழு இருபது. ஒருவரும் இல்லை.

டீக்கடைக்காரரைக் கேட்டேன். கடையை விட்டு வர முடியாது என்றார். பால்காரர் நான்கு தடவை பார்த்தாகிவிட்டது என்று சைக்கிளை மிதித்துவிட்டார்.

ஏழு இருபத்தெட்டு. முதல் மணி அடித்தது. ராக்கியப்பன் சட்டைப் பையில் கைவைத்துக் கவுண்டர் பக்கம் ஓர் அடி வைத்தார். சபாரிக்காரர் ஏதோ சொல்ல, அப்படியே நின்றுவிட்டார். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தச் சட்டத்தை ராக்கியப்பனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

தெருவைக் கடந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் கவுண்டரின் இந்தப் பக்கம் நான் நின்றதில்லை. கை நுழைகிற ஓட்டை இவ்வளவு சின்னது என்று தெரியாது. மயில்சாமி என்னைப் பார்த்துவிட்டு முதலாளியைப் பார்த்தான்.

“ஒரு டிக்கெட் குடுப்பா” என்று காசை நீட்டினேன்.

முதலாளி அசையவில்லை. மயில்சாமி டிக்கெட் புத்தகத்திலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்தான். வாசலுக்குப் போனேன். சபாரிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இவர் யாருங்க? உங்க மேனேஜர் மாதிரி இருக்குதே. நேத்து மைக்ல பேசினவர்னு சொன்னாங்களே?”

ராக்கியப்பன் தரையைப் பார்த்தார். நான் போய்விடலாம் என்று கூடத் திரும்பினேன்.

“நேத்து வரைக்கும் மேனேஜருங்க” என்றார் முதலாளி. “இன்னைக்கு எங்க ஆள் இல்லீங்க. படம் பாக்க வந்திருக்கறாரு.” சாவிக்கொத்தை எடுத்து அவரிடம் காட்டினார். பிறகு என் கையிலிருந்த டிக்கெட்டை வாங்கி, தன் கையாலேயே பாதியாகக் கிழித்து ஒரு பாதியை என்னிடம் கொடுத்தார். “உள்ள போய் உக்காருங்க” என்றார். அவர் என்னை ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

எழுநூறு நாற்காலிகள், நான் ஒருவன். இடைவேளையில் எழுந்திருக்கவில்லை. தேர்க் காட்சியில் கோயில் மதில் ஓரமாக ஒரு வெள்ளைச் சட்டை நிற்கிறது. எல்லோரும் தேரைப் பார்க்கிறார்கள். அந்த ஆள் மட்டும் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தை விரலால் எண்ணிக்கொண்டிருக்கிறான். சிரிப்பு வந்தது, பிறகு அழுகையும் வந்தது.

வெளியே வந்தபோது போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நூறாவது நாள். ராக்கியப்பன் என் பெயர் போட்ட கேடயத்தைக் கையில் வைத்தார். தேதி தப்பாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

டிக்கெட்டின் பாதியை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.